தீர்ப்பு நாளுக்கு முன்பே முடிவாகும் தண்டனை

ஜெகதளா பக்கம் ஓர் அடிதடி நடந்தால் வழக்கு அருவங்காடு காவல் நிலையத்தில் பதிவாகும். பிடிபட்டவரைக் குன்னூர் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். கொலை, பாலியல் வன்கொடுமை என்றால் கட்டு உதகைக்கு ஏறும். அங்கே மாவட்ட அமர்வு நீதிமன்றமோ மகளிர் நீதிமன்றமோ விசாரிக்கும். நீண்ட தண்டனை விழுந்தால் ஆள் கோவை மத்திய சிறைக்கு இறங்குவார். மேல்முறையீட்டுக்குச் சென்னைதான் போக வேண்டும், மதுரைக் கிளையின் எல்லைக்குள் நீலகிரி வராது. ஒரே வழக்கு மலை ஏறி, இறங்கி, சமவெளியைக் கடந்து முடிவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடும். அத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு நாள் மட்டும் செய்தித்தாளில் வரும். அது தண்டனை அறிவிக்கப்பட்ட நாள்.

“10 ஆண்டு கடுங்காவல்”, “இரட்டை ஆயுள்”, “சாகும் வரை சிறை” என்ற தலைப்புகளைப் பார்த்து, உதகை நீதிமன்றம் கண்டிப்பானதா, கோவை தளர்ந்ததா என்று பேசிக்கொள்கிறோம். நீதிபதியின் பெயரைச் சொல்லிப் பாராட்டவோ திட்டவோ செய்கிறோம். தண்டனையின் அளவை முடிவு செய்வதில் நீதிபதியின் மனப்போக்குக்கு இருக்கும் பங்கை நாம் மிகைப்படுத்துகிறோம் என்பது என் எண்ணம். எந்தச் சட்டப் பிரிவு போடப்பட்டது, எத்தனை சாட்சிகள் கடைசிவரை நின்றார்கள், குற்றவாளி ஏற்கெனவே எத்தனை நாள் உள்ளே இருந்தார், மேல் நீதிமன்றத்தில் என்ன மிஞ்சியது ஆகிய நான்கும் சேர்ந்து முடிவு செய்தது போக மிஞ்சுவதுதான் நீதிபதியின் கைக்கு வருகிறது.

இதை எண்களால் நிறுவப் போனால் முதல் முட்டுக்கட்டை எண்களே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை, எத்தனை வழக்குகளில் குற்றம் நிரூபணமானது என்று சொல்லும். 2022-ல் இந்திய தண்டனைச் சட்டக் குற்றங்களில் நாடு முழுவதுமான தண்டனை விகிதம் 54.2 சதவீதம். ஆனால் நிரூபணமான வழக்கில் எத்தனை ஆண்டு கொடுத்தார்கள் என்ற கணக்கு மாவட்டவாரியாக அதில் இல்லை. சிறைப் புள்ளிவிவர அறிக்கை, சிறைக்குள் இருப்பவர்களின் தண்டனைக் காலத்தை மாநில அளவில் தரும். அபராதம் கட்டிவிட்டு வீடு திரும்பியவரோ நன்னடத்தைப் பிணையில் போனவரோ அந்தக் கணக்கில் வரமாட்டார். தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பில் ஒரு தாலுகா நீதிமன்றத்தின் நிலுவை வழக்குகளை வீட்டிலிருந்தபடி பார்க்கலாம். முடிந்த வழக்கில் என்ன தண்டனை என்பதற்கு அங்கே ஒரு கட்டம்கூடக் கிடையாது. தீர்ப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிப் படித்துக் கணக்கெடுத்தால்தான் உண்டு.

அதனால் நம் மனத்தில் இருக்கும் சித்திரம் பெரும்பாலும் செய்தித்தாள் வரைந்தது. அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தண்டனை செய்தியாகிறது, விடுதலை செய்தியாவதில்லை. பிரபல வழக்காக இருந்தால் தவிர, “சாட்சிகள் பிறழ்ந்ததால் நான்கு பேர் விடுதலை” என்பதற்கு எந்த நிருபரும் மலை ஏறி வருவதில்லை.

கீழிருந்து தொடங்குவோம். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் மூன்று ஆண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாது. பழைய நடைமுறைச் சட்டத்தில் அவர் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சம் 10,000 ரூபாய். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா அதை 50,000 ஆக உயர்த்தியிருக்கிறது. ஆனால் அந்த நீதிமன்றத்தின் அன்றாடம் உச்சவரம்புகளைத் தொடுவதே இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, கள்ளத்தனமாக மதுப்பாட்டில் விற்றது, சூதாட்டம், பொது இடத்தில் ரகளை என்று ‘பெட்டி கேஸ்’களே வரிசையாக வரும். குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள், அபராதம் கட்டுவார்கள், போய்விடுவார்கள். சிலருக்குக் கோர்ட் கலையும் வரை தண்டனை: சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். எண்ணிக்கையில் பார்த்தால் குற்றவியல் நீதியில் கணிசமான பங்கு இதுதான். ஆய்வுகளும் விவாதங்களும் இதை எட்டிப் பார்ப்பதில்லை.

அபராதம் லேசான தண்டனை என்பது சம்பளக்காரரின் பார்வை. குடிபோதையில் வாகனம் ஓட்டினால் 10,000 ரூபாய். வார இறுதிக்கு மலைக்கு வந்த சுற்றுலாப் பயணி அதைக் கைபேசியிலேயே செலுத்திவிட்டுத் தாவரவியல் பூங்காவுக்குப் போய்விடுவார். பச்சைத் தேயிலை பறிக்கும் கூலிக் குடும்பத்துக்கு அது ஏறக்குறைய ஒரு மாத வருமானம். கட்ட முடியாவிட்டால் அதற்குப் பதிலாகச் சிறை. தாளில் இருவருக்கும் ஒரே தண்டனைதான். வருமானத்துக்கேற்ற நாள் அபராதம் என்ற முறை ஸ்வீடன், பின்லாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் நெடுங்காலமாக இருக்கிறது. நம் புதிய சட்டங்களை எழுதியவர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இனிச் சட்டப் பிரிவு. குறைந்தபட்சத் தண்டனையைச் சட்டமே நிர்ணயித்துவிட்ட குற்றங்களில் தீர்ப்பு நாளன்று நீதிபதிக்குப் பெரிதாக வேலை இல்லை. கஞ்சா வழக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ வரை சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை. அதற்கு மேல் 20 கிலோவுக்குக் கீழ் என்றால் பத்தாண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபது, அதோடு ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். வாடகைக்கு வண்டி ஓட்டி வந்த இளைஞனும் சரக்கின் முதலாளியும் மகசரில் எழுதப்பட்ட எடையின் முன் ஒன்றுதான். முதலாளி பெரும்பாலும் பிடிபடுவதே இல்லை என்பது வேறு கதை.

போக்சோ சட்டத்தில் இது இன்னும் இறுக்கம். 2012-ல் அந்தச் சட்டம் வந்தபோது ஊடுருவும் பாலியல் தாக்குதலுக்குக் குறைந்தது ஏழாண்டு. 2019 திருத்தம் அதைப் பத்தாக்கியது. பாதிக்கப்பட்டவர் 16 வயதுக்கு உட்பட்டவர் என்றால் இருபது. நெருங்கிய உறவினர், ஆசிரியர், காவலர் போன்றோர் செய்த கடுமையான வகைக்கும் குறைந்தது இருபது, உச்சத்தில் மரணம். ஆகவே உதகை மகளிர் நீதிமன்றம் ஒருவருக்கு இருபதாண்டு விதித்தது என்று படித்தால், அதை நீதிபதியின் கடுமையாகக் கொள்ள முடியாது. அவர் முன்னால் இருந்தவை இரண்டே வாசல்கள்: இருபது அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் விடுதலை.

இந்த இரட்டை வாசல் சில வழக்குகளில் நீதிபதிகளையே சங்கடத்தில் தள்ளுகிறது. பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் காதலித்து ஊரைவிட்டுப் போக, பெண்ணின் வீட்டார் புகார் கொடுக்கும் வழக்குகள் தமிழகத்தின் எல்லா மகளிர் நீதிமன்றங்களுக்கும் பழக்கமானவை. 2019-ல் சபரி வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன், வயது வரம்பைப் பதினாறாகக் குறைப்பது பற்றி யோசிக்கலாம் என்றார். 2021 ஜனவரியில் விஜயலட்சுமி வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்து உறவுகளை இந்தச் சட்டத்தின் இலக்காகக் கருத முடியாது என்று சொல்லி வழக்கையே ரத்து செய்தார். உயர் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இருந்தது. விசாரணை நீதிமன்றத்துக்கு இல்லை. குறைந்தபட்சத் தண்டனை உயர உயர, சந்தேகத்தின் பலனைத் தரும் மனமும் கூடும் என்று நான் நினைக்கிறேன். ஐந்தாண்டு கொடுக்கத் தயங்காத கை, இருபதாண்டில் தயங்கும்.

காட்டுயிர்க் குற்றங்கள் நீலகிரிக்கே உரியவை, எனவே சற்று நிற்கலாம். 2023 செப்டம்பரில் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. தன் மாட்டைப் புலி அடித்துவிட்டதென்று, அந்த மாட்டின் உடலில் பூச்சிக்கொல்லியைத் தடவி வைத்ததாக ஒருவர் கைதானார். அதற்கு முன், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானை மேல் எரியும் டயரை எறிந்த காட்சி நாடு முழுவதும் பரவியது. யானை இறந்துபோனது. புலியும் யானையும் முதல் அட்டவணை விலங்குகள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு சொல்வது மூன்று முதல் ஏழாண்டு சிறை, அதோடு அபராதம். 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தபின் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய். சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ வேட்டையாடிய குற்றமென்றால் நன்னடத்தைப் பிணையில் விடும் சலுகையும் கிடையாது.

மாட்டை இழந்த கோபத்தில் விஷம் வைத்தவரும், தோலுக்காகப் பொறி வைக்கும் தொழில்முறை வேட்டைக்காரரும், யானை மேல் தீயை எறிந்தவரும் இந்தச் சட்டத்தின் அடித்தளத்தில் ஒரே படியில் நிற்கிறார்கள். மூன்று முதல் ஏழு வரை இருக்கும் நான்காண்டு இடைவெளிக்குள்தான் அவர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை நீதிபதி காட்ட வேண்டும். மறுபக்கம், சிறு வனக் குற்றங்களில் பெரும்பாலானவை நீதிமன்றத்துக்கு வருவதே இல்லை. இணக்கக் கட்டணம் வசூலித்து முடித்துக்கொள்ள வனத்துறைக்கே அதிகாரம் உண்டு. காட்டுக்குள் அத்துமீறி நுழைந்தவர் ரசீது வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இந்த வசூலும் ஒருவகைத் தண்டனைதான், ஆனால் எந்த நீதிமன்றக் கணக்கிலும் ஏறாது.

சாட்சிக்கு வருவோம். விரிவாகப் பேச வேண்டிய இடம் இதுதான். நீலகிரிக்குத் தெற்கே அட்டப்பாடி. 2018 பிப்ரவரி 22-ல் மது என்ற பழங்குடி இளைஞரை, அரிசி திருடினார் என்று சொல்லிக் காட்டிலிருந்து பிடித்து வந்து, கைகளைக் கட்டி அடித்தார்கள். அடித்தவர்களே படமும் எடுத்துக்கொண்டார்கள். மது இறந்தார். மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. அரசுத் தரப்புச் சாட்சிகளில் 24 பேர் பிறழ்ந்தார்கள். அவர்களில் வனத்துறைக் காவலர் ஒருவர், தான் இருக்கும் வீடியோவைக் காட்டியபோது தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றார். நீதிமன்றம் அவரைக் கண் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பியது, பார்வையில் குறையில்லை என்று அறிக்கை வந்தது. சாட்சிகளைக் கலைத்ததற்காகப் பன்னிரண்டு பேரின் ஜாமீனை நீதிமன்றம் ரத்து செய்யவும் வேண்டியிருந்தது.

2023 ஏப்ரலில் தீர்ப்பு. 16 பேரில் 14 பேர் குற்றவாளிகள். 13 பேருக்கு ஏழாண்டு கடுங்காவல். ஒருவருக்கு மூன்று மாதமும் 500 ரூபாய் அபராதமும். அந்த மூன்று மாதத்தை அவர் ஏற்கெனவே உள்ளே கழித்திருந்தார். கொலைக் குற்றம் நிற்கவில்லை, கொலையாகாத மரண விளைவிப்பு என்ற பிரிவே நின்றது. அதன் உச்சம் பத்தாண்டு. ஏழாண்டு குறைவு என்று பலர் கொதித்தார்கள். நீதிபதி பத்தில் ஏழைக் கொடுத்திருக்கிறார். உண்மையான இறக்கம் அதற்கு முந்தைய படியில், ஆயுள் தண்டனைக்குரிய பிரிவிலிருந்து பத்தாண்டுப் பிரிவுக்கு வழக்கு வந்தபோதே நடந்துவிட்டது. வீடியோ இருந்தும் அத்தனை சாட்சிகள் உதிர்ந்த வழக்கு இது. வீடியோ இல்லாத வழக்குகளின் கதியை ஊகிக்கக் கஷ்டமில்லை.

எதிர்ப்பக்கத்தில் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு. 2025 மே 13-ல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் சிறை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. அந்த வழக்கில் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குச் சட்டமே இருபதாண்டு முதல் இயற்கை வாழ்நாள் முடியும் வரை என்று வரம்பு போட்டிருந்தது. சாட்சியம் முழுதாக நின்றதால் நீதிபதியால் மேல் எல்லைக்குப் போக முடிந்தது. மண்ணார்க்காட்டுக்கும் கோவைக்கும் இடையிலான வித்தியாசத்தை இரண்டு நீதிபதிகளின் வித்தியாசமாகப் படித்தால் முக்கியமானதைத் தவறவிடுவோம். விசாரணையில் பெயர் வெளிவராமல் காக்கப்பட்ட பெண்களும், அவர்கள் பின்னால் நின்ற அமைப்புகளும், மத்தியப் புலனாய்வும், ஊரின் கோபமும் ஒரு பக்கம். குற்றம் சாட்டப்பட்டவர்களின் கடைவீதி வழியாகத்தான் தினமும் நடக்க வேண்டும் என்ற நிலையில் இருந்த சாட்சிகள் மறுபக்கம்.

இது புதிய நோய் அல்ல. நீலகிரியின் பழைய மாவட்டக் குறிப்புகளில் மாந்திரீக அச்சத்தால் குறும்பப் பழங்குடியினர் கொல்லப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. 1835-ல் மட்டும் 48 பேர். 1875-லும் 1882-லும் மீண்டும் சிலர். 1900-ல், வைத்தியன் என்று பெயரெடுத்த ஒரு குறும்பரின் குடும்பமே அழிக்கப்பட்டது. சுற்றுவட்டார மக்களின் அனுதாபம் முழுக்கக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் இருந்ததால் துப்புத் துலக்குவதே கடினமாயிற்று, வழக்கில் நிறுத்தப்பட்டவர்கள் விடுதலையானார்கள் என்று அந்தக் குறிப்பு முடிகிறது. வெள்ளை அதிகாரிகள் எழுதிய பதிவுகள் மலைச் சமூகங்களை வெளியிலிருந்து பார்த்தவை, அவற்றை அப்படியே விழுங்கத் தேவையில்லை. ஆனால் ஊர் ஒன்றாக வாய் மூடினால் எந்த அமர்வு நீதிமன்றமும் கைகட்டி நிற்க வேண்டியதுதான் என்ற உண்மை 1900-க்கும் இன்றைக்கும் பொது.

ஊர்க்கூட்டத்தின் நிழலும் இங்கே உண்டு. மலைக் கிராமங்களில் ஊர்ப் பெரியவர்கள் கூடி வரப்புத் தகராறையும் குடும்பச் சண்டையையும் பேசி முடிப்பது பழைய வழக்கம், அதில் நன்மையும் இருக்கிறது. சட்டமே சில குற்றங்களில் சமரசத்தை அனுமதிக்கிறது. சிக்கல், சமரசத்துக்கு இடமில்லாத குற்றங்களையும் அதே பாயில் உட்கார்ந்து பேசும்போதுதான். 2011-ல் ஆறுமுகம் சேர்வை வழக்கில், தமிழகத்தின் கட்டப் பஞ்சாயத்துகளை உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று பெயர் சொல்லிக் கண்டித்தது. ஆனால் பேசி முடித்த வழக்கு நீதிமன்றத்தில் செத்துப்போவது ஓசையில்லாத ஒரு தனி வழியில் நடக்கிறது. புகார் கொடுத்தவர் கூண்டில் ஏறி, “இருட்டில் யாரென்று தெரியவில்லை” என்பார். அரசு வழக்கறிஞர் அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்வார். தீர்ப்பில் ஒரு பத்தி, அவ்வளவுதான்.

சாட்சி பிறழ்வதற்கு எப்போதும் மிரட்டலோ பணமோ காரணமாக வேண்டியதில்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பணியரும் காட்டுநாயக்கரும் வீட்டில் பேசுவது தமிழ் அல்ல. தேயிலைத் தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்ட், ஒடிசாத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். ஒரு சாட்சியத்துக்காக அன்றைய கூலியை விட்டு, பஸ் மாறி உதகைக்கு வந்து, மாலை வரை உட்கார்ந்தபின் ‘வாய்தா’ என்று கேட்டுத் திரும்பியவர் நான்காவது முறை எந்த மனநிலையில் வருவார்? உதகையின் புதிய நீதிமன்ற வளாகத்தில் பெண் வழக்கறிஞர்களுக்குக் கழிப்பறை இல்லை என்ற புகார் 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கறுப்பு அங்கி போட்டவர்களுக்கே அந்த நிலை என்றால் சாட்சிக்கு வந்த கூலித் தொழிலாளிப் பெண்ணை யார் நினைத்தார்கள்?

இவற்றையெல்லாம் மீறி ஊர் முழுக்க நின்ற வழக்கும் தமிழகத்தில் உண்டு. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ல் சந்தன மரச் சோதனை என்று நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊரைச் சூறையாடி, 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி அமர்வு நீதிமன்றம் மிஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. வன்கொடுமைக் குற்றம் நிரூபணமான 17 பேரில் 12 பேருக்குப் பத்தாண்டு, ஐந்து பேருக்கு ஏழாண்டு, மற்றவர்களுக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை. மேல்முறையீட்டை நீதிபதி பி. வேல்முருகன் 2023 செப்டம்பர் 29-ல் தள்ளுபடி செய்தார், அதற்கு முன் தானே ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சரியாகப் பன்னிரண்டாண்டு ஜாமீனில் கழிந்திருந்தது. தண்டனை விகிதம் நூறு சதவீதம். ஆனால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு அந்தத் தண்டனை 31 ஆண்டுகளுக்குப் பிறகுதான் உறுதியானது. ஒரு பட்டியலில் ‘பத்தாண்டு’ என்று எழுதும்போது எத்தனையாவது ஆண்டில் என்ற இன்னொரு பத்தியும் இருக்க வேண்டும்.

காலம் என்றதும் நீலகிரியில் எல்லோர் நினைவுக்கும் வருவது கோடநாடு. 2017 ஏப்ரலில் அங்குள்ள எஸ்டேட்டின் காவலாளி கொல்லப்பட்டுக் கொள்ளை நடந்தது. வழக்கு உதகை நீதிமன்றத்தில் இருக்க, மறுவிசாரணை தொடங்கி, 2022-ல் சிபிசிஐடி கைக்குப் போனது. எட்டாண்டுகளுக்குப் பிறகும் தண்டனை என்ற கட்டத்தை அது எட்டவில்லை. பிரபலங்களின் நிழல் விழுந்த வழக்கு என்பதால் அதை நாம் கவனிக்கிறோம். கவனிக்க ஆளில்லாத வழக்குகளில் காலம் வேறுவிதமாக வேலை செய்கிறது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே இருப்பவர்களும் அதில் உண்டு. உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1978-லேயே மோதிராம் வழக்கில் கண்டித்தார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. ஒடிசாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளிக்குக் குன்னூரில் சொத்து ஜாமீன் யார் கொடுப்பார்?

இப்படி உள்ளே கழிந்த நாட்களைத் தண்டனையில் கழித்துக்கொள்ளச் சட்டம் வழிசெய்கிறது. அதன் பக்கவிளைவு ஒன்று உண்டு. ஆறு மாதம் உள்ளே இருந்தவர், குற்றத்தை ஒப்புக்கொண்டால் இருந்த நாளே தண்டனை என்று வெளியே வந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார். வழக்கை நடத்தினால் விடுதலையாகியிருக்கக்கூடியவரும் ஒப்புக்கொள்கிறார். பதிவேட்டில் அது ஒரு தண்டனை, நீதிமன்றத்தின் தண்டனை விகிதமும் ஒரு புள்ளி ஏறும்.

அடுத்து மேல்முறையீடு. உடுமலை ஆணவக் கொலை வழக்கில் 2017 டிசம்பர் 12-ல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. தமிழகமே அதிர்ந்த தீர்ப்பு. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுவித்து, மற்ற ஐந்து பேரின் தூக்கைக் குறைந்தது 25 ஆண்டுச் சிறையாக மாற்றியது. சென்னை முகலிவாக்கம் சிறுமி கொலையில் 2018-ல் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்கு விதித்தது, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சந்தர்ப்பச் சாட்சியங்கள் நிரூபணமாகவில்லை என்று குற்றவாளியென்று தீர்க்கப்பட்டவரையே விடுதலை செய்தது. தூக்குக்கும் விடுதலைக்கும் இடையில் இவ்வளவு சுலபமாகப் போய்வர முடிகிறது என்றால், முதல் தீர்ப்பின் எண்ணை வைத்து ஒரு நீதிமன்றத்தை அளப்பதில் பொருளில்லை. 2016-ல் வெளியான மரண தண்டனை அறிக்கையின்படி, இந்த நூற்றாண்டின் முதல் பதினைந்தாண்டுகளில் விசாரணை நீதிமன்றங்கள் விதித்த தூக்குகளில் உச்ச நீதிமன்றம் வரை நிலைத்தவை 4.9 சதவீதம்.

தண்டனைக் கணிதத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம். “மூன்று ஆயுள், அதோடு 40 ஆண்டு” என்று தலைப்பு வரும். பெரும்பாலும் தீர்ப்பின் கடைசி வரியில் ‘ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று இருக்கும், அதாவது எல்லாம் ஒன்றாக ஓடும். ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கவே முடியாது, மனிதனுக்கு ஒரே ஆயுள்தான் என்று 2016-ல் அரசியல் சாசன அமர்வு தீர்த்துவிட்டது. அது தமிழகத்திலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கு. ஆயுள் என்றால் பதினான்கு ஆண்டு என்பது இன்னொரு பரவலான பிழை. ஆயுள் என்பது ஆயுள்தான். பதினான்கு என்பது, கொலை போன்ற குற்றங்களில் அரசு முன்கூட்டி விடுவிப்பதற்கு முன் கழிக்க வேண்டிய காலம். ஆனால் அரசுக்கு வேறு கதவும் உண்டு. 2008-ல் அண்ணா நூற்றாண்டையொட்டி 1,400-க்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகள் வெளியே வந்தார்கள், அவர்களில் ஏழாண்டை மட்டுமே முடித்தவர்களும் இருந்தார்கள். எந்த நீதிபதியின் கையெழுத்தும் அதில் இல்லை.

இதைத் தடுக்கத்தான் ‘தண்டனைக் குறைப்பு இல்லாமல் 25 ஆண்டு, 30 ஆண்டு’ என்ற வகை வந்தது. 2008-ல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் பிறந்து, 2015-ல் ஸ்ரீஹரன் வழக்கில் அரசியல் சாசன அமர்வால் ஏற்கப்பட்டது. ஆனால் அதே ஸ்ரீஹரன் தீர்ப்பு, அந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே என்று வரம்பு கட்டியது. அப்படியிருக்க, 2025 ஜூனில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் சென்னை மகளிர் நீதிமன்றம் குறைந்தது 30 ஆண்டு, சலுகை கூடாது என்று விதித்தது. ஐந்தே மாதத்தில் முடிந்த விசாரணை பாராட்டுக்குரியது. ஆனால் அந்த நிபந்தனை அதிகார வரம்புக் கேள்வியைக் கூடவே சுமந்துகொண்டுதான் மேலே போகும்.

தீர்வு என்று எல்லோரும் கைகாட்டுவது தண்டனை நெறிமுறைகளை. இங்கிலாந்தில் 2010 முதல் தண்டனைக் கவுன்சில் ஒவ்வொரு குற்றத்துக்கும் தொடக்கப் புள்ளி, கூட்டும் காரணம், குறைக்கும் காரணம் என்று எழுதித் தருகிறது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் 1987-ல் ஓர் இறுக்கமான கட்டப் பட்டியலுடன் தொடங்கி, 2005-ல் அதை வெறும் ஆலோசனை என்று தளர்த்திக்கொண்டன. இங்கே 2003-ல் மாலிமத் குழுவும் 2008-ல் மாதவ மேனன் குழுவும் கேட்டன. பின்னர் சோமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படியொன்று இல்லாததைக் குறிப்பிட்டு வருந்தியது. 2024-ன் புதிய சட்டங்களிலும் அது இல்லை. வந்தால் நல்லதுதான். ஆனால் அது சீராக்கப்போவது நீதிபதியிடம் மிஞ்சிய பகுதியை மட்டுமே. பிறழும் சாட்சியையும் கிடைக்காத ஜாமீன்தாரரையும் எந்த அட்டவணையும் தொடாது. இருக்கிற சட்டமே, குற்றவாளி என்று தீர்த்த பிறகு தண்டனை பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்கிறது. பல நீதிமன்றங்களில் அது “என்ன சொல்ல விரும்புகிறாய்?”, “வயதான அம்மா இருக்காங்கய்யா” என்ற இரண்டு வரியில் அதே மதியம் முடிந்துவிடுகிறது. குற்றவாளியின் படிப்பு, தொழில், மனநிலை, சிறையில் நடந்துகொண்ட விதம் பற்றிய அறிக்கைகளைப் பெற வேண்டும் என்று 2022-ல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது தூக்கு வழக்குகளுக்காக. ஏழாண்டு வழக்கில் அதைக் கேட்பார் இல்லை.

புதிய சட்டம் ஒன்றை மட்டும் புதிதாகச் சேர்த்திருக்கிறது: சமூக சேவை. 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை, அவதூறு உள்ளிட்ட ஆறு குற்றங்களுக்கு விதிக்கலாம். தண்டனை பெற்றவரை வேலை வாங்குவது நீலகிரிக்குப் புதிதல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடுவட்டம் சிங்கோனாத் தோட்டங்களில் சீனக் கைதிகள் உழைத்திருக்கிறார்கள், அவர்களை அடைத்த சிறை இன்றும் அங்கே நிற்கிறது. இது அதுவல்ல, அப்படி ஆகவும் கூடாது. பொதுமக்களுக்குப் பயன்படும், ஊதியமில்லாத வேலை என்ற அளவில் சட்டம் நிறுத்திக்கொள்கிறது. எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை, வராவிட்டால் என்ன என்ற விவரத்தைச் சட்டம் சொல்லவில்லை. குன்னூரில் ஒரு மாஜிஸ்திரேட் பத்து நாள் சமூக சேவை என்று உத்தரவிட்டால், ஆளை எங்கே அனுப்புவது, பேரூராட்சிக்கா, அரசு மருத்துவமனைக்கா, வருகைப் பதிவேட்டில் யார் கையெழுத்திடுவது என்பதையும் அந்த மாஜிஸ்திரேட்டே உத்தரவில் எழுத வேண்டும்.